சீட் கிடைக்கும்வரை

மயிலாப்பூர்
ஜூலை 14

அன்புள்ள ஜான்சிக்கு,

அக்கா எழுதுவது. டாடி, உன் மாமா, அனுக்குட்டி, நான் எல்லோரும் இங்கே சுகம். நீ எப்படி இருக்கிறாய்? சாப்பாடு தொண்டையில் இறங்குகிறதா? குளிக்கத் தண்ணீர் வருகிறதா? தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு படிக்க உட்காராதே, உனக்கு உடனே சளி கட்டிக்கொள்ளும்.

கடிதம் எழுதி எத்தனையோ வருஷம் ஆயிற்று. காலேஜில் இலக்கியம் படித்தவள் என்று பேர், ஒரு பக்கம் எழுதுவதற்குள் விரல் வலிக்கிறது. ஆனால் வேறு என்ன செய்வது. போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை, வார்டன் பக்கத்திலேயே நிற்க, மூன்று நிமிஷம். அதில் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதற்குள் மணி அடித்துவிடும்.

நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போன பிறகு உங்கள் கோச்சிங் சென்டர் டைரக்டர் எங்களையெல்லாம் ஹாலில் உட்காரவைத்துப் பேசினார். "வீட்டுக் கஷ்டம், சாவு, நோவு எதுவும் மே மாசம் வரைக்கும் பிள்ளைங்க காதுக்கு வரக்கூடாது. அழணும்னா உங்க வீட்லயே அழுதுக்குங்க" என்றார். கறாரான ஆள். ஆனால் இரண்டு தடவை எழுதியும் நீட்டில் தவறிப்போன பிள்ளைக்கு அப்படி ஓர் ஆள்தான் வேண்டும் என்று மாமா சொல்கிறார்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தெரிந்தால் உனக்கு ஒரு வேகம் வரும் என்றுதான் சொல்கிறேன். போன சனிக்கிழமை டாடி பெசன்ட் நகர் மாதா கோயிலுக்குப் போய் நேர்ந்துகொண்டு வந்திருக்கிறார். உனக்கு மெடிக்கல் சீட் கிடைக்கும்வரை காலில் செருப்பு போடமாட்டாராம். வரும்போதே வெறுங்கால். "சுகரை வெச்சுக்கிட்டு இதெல்லாம் எதுக்கு டாடி" என்று கேட்டேன். "முப்பத்துநாலு வருஷம் கோபாலபுரம் ஸ்கூல்ல ஷூ போட்டுக்கிட்டு கணக்கு நடத்தியாச்சு. கொஞ்சம் காத்தாடட்டும்" என்றார்.

மீன்காரம்மா தேசம்மா தெருவிலேயே பிடித்துக்கொண்டாள். "இன்னா வாத்தியாரே, கோயில் வாசல்ல செருப்ப எவனாச்சும் தூக்கினு பூட்டானா?" டாடி, "மாதாகிட்ட அடகு வெச்சிருக்கேன் தேசம்மா" என்றார். "சீக்கிரம் மீட்டுக்கோ நைனா, ரோடு கொதிக்குது" என்று சொல்லிவிட்டு அரைக் கிலோ சங்கரா எடுத்துப் போட்டாள்.

அனு உனக்கு ஒரு முத்தம் வைத்திருக்கிறாள். இந்த மூலையில் ஈரமாக இருப்பது அதுதான். படுக்கும்முன் ஜெபமாலையில் ஒரு பத்து மணியாவது சொல்.

உன் அக்கா
ஜொவிட்டா


ராசிபுரம்
ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்தது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன். அனுவின் முத்தம் காய்ந்துவிட்டது, மூலையில் வட்டம் மட்டும் இருக்கிறது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இங்கே ஐந்து மணிக்கு பெல். ஞாயிறுதோறும் டெஸ்ட். முடிவு வந்ததும் ரேங்க் வாரியாக இடம் மாற்றி உட்காரவைப்பார்கள். ஃபேனுக்கு நேர் கீழே முதல் பத்துப் பேர். கடைசி வரிசை வாஷ்பேசினை ஒட்டி. நான் இப்போது வாஷ்பேசின் பக்கம். தட்டு கழுவ வருகிறவர்கள் என் நோட்டில் தண்ணீர் தெளித்துவிட்டுப் போகிறார்கள்.

டாடியை உடனே செருப்பு போடச் சொல். அவர் காலுக்கும் என் மார்க்குக்கும் என்ன சம்பந்தம்? என் அறையில் கயல் என்று ஒரு பெண், நாகப்பட்டினம். அவளிடம் சொன்னேன். "எங்கப்பாவும்தான் எனக்காக மொட்டை போட்டாரு. ஒரு மாசத்துல முளைச்சிடுச்சு. உங்கப்பா காலு அப்படியாடி?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா, பஸ் ஸ்டாண்டில் உன்னிடம் சொன்னேன். எனக்குப் போதும், பி.எஸ்ஸி. விலங்கியல் சேர்ந்துவிடுகிறேன் என்று. நீ என் தலையைத் தடவி "ஒரே ஒரு வருஷம்டீ" என்றாய். அப்போதுகூட நடுவில் எழுந்து வந்துவிடலாம் என்று மனசுக்குள் ஒரு வழி வைத்திருந்தேன். இப்போது நான் எழுந்து வந்தால் டாடி ஆயுசுக்கும் வெறுங்காலோடு நடப்பார். வழியை அடைத்துவிட்டீர்கள்.

மாமாவுக்கு என் அன்பு. டாடியின் மாத்திரை தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்.

ஜான்சி


மயிலாப்பூர்
செப்டம்பர் 10

அன்புள்ள ஜான்சிக்கு,

மாதா திருநாள் நல்லபடியாக முடிந்தது. உன் பெயரைச் சொல்லி மெழுகுத்திரி ஏற்றினோம். எல்லோரும் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பு இல்லை.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. அனுவுக்கு எல்.கே.ஜி. ஒத்துக்கொள்ளவில்லை. தினமும் டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வருகிறது. எதைத் தின்னுகிறாளோ, எப்படி வளரப்போகிறாளோ என்று அடுப்பின் முன்னால் நின்று நினைப்பதிலேயே பாதி நாள் போய்விடுகிறது.

டாடியிடம் நீ எழுதியதைச் சொன்னேன். வெளியே தூரமாகப் போகும்போது போட்டுக்கொள்கிறார். நீ அதையெல்லாம் மனசில் போட்டுக்கொள்ளாதே. மாடி வீட்டு சுப்புலக்ஷ்மி மாமிகூட அவரைப் பிடித்துக்கொண்டார். "என்ன காஸ்பர் சார், எனக்கும்தான் ஷுகர் இருக்கு. நான் ஆத்துக்குள்ளயே செருப்பு போட்டுண்டு நடக்கறேன். நீங்க தார் ரோட்டுல இப்படிப் போறேளே" என்று. டாடி கைகூப்பிவிட்டு நகர்ந்துவிட்டார்.

விலங்கியல் பற்றி எழுதியிருந்தாய். அம்மா இருந்திருந்தால் உனக்கு என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்துப் பார்த்தேன். அவளுக்கு ஊசி போட வந்த டாக்டரம்மாவைப் பார்த்து, "என் சின்னவ இப்படி வருவா" என்று அவள் சொன்னதுதான் ஞாபகம் வருகிறது. ஒரு வருஷத்தில் இரண்டு மாசம் ஓடிவிட்டது பார்.

உன் அக்கா
ஜொவிட்டா


ராசிபுரம்
அக்டோபர் 6

அன்புள்ள அக்கா,

நலம். உங்கள் நலம் கேட்டு எழுதுகிறேன். அனு சாப்பிட ஆரம்பித்தாளா? தயிர்சாதத்தில் மாதுளை முத்து போட்டுக் கொடுத்துப் பார்.

நல்ல செய்தி முதலில். போன வாரம் பதினெட்டாம் ரேங்க். தலைமுடி லேசாகப் பறக்கிறது, ஃபேன் காற்று அவ்வளவு தூரம் எட்டுகிறது.

"தூரமாகப் போகும்போது போட்டுக்கொள்கிறார்" என்று எழுதியிருந்தாய். அக்கா, டாடி நேர்ச்சையில் தூரம், பக்கம் என்று பார்க்கிற ஆளா?

ஞாயிற்றுக்கிழமை கத்தோலிக்கப் பிள்ளைகள் ஆறு பேரைப் பக்கத்துச் சிற்றாலயத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். பூசை முடிந்ததும் ஃபாதரிடம் கேட்டேன். அவர் சொன்னார்: ஒருவர் தானாகச் செய்துகொண்ட நேர்ச்சையைத் தகுந்த காரணம் இருந்தால் பங்குத்தந்தை நீக்கிவிடலாம். இல்லை, வேறு ஒன்றாக மாற்றித் தரலாம். ஏழைகளுக்குச் சாப்பாடு போடுவது, தினம் ஒரு ஜெபமாலை, இப்படி. பாவம் கிடையாது. "சுகர் இருக்கிறவரா? நாளைக்கே போய்க் கேட்கச் சொல்லும்மா" என்றார்.

நம் பங்குக் கோயில் வீட்டிலிருந்து ஐந்து நிமிஷம். போய்ச் சொல், அக்கா. நான் கேட்பது இது ஒன்றுதான். இதைச் செய்தால் நான் விலங்கியல் பேச்சையே எடுக்கமாட்டேன்.

ஜான்சி


மயிலாப்பூர்
நவம்பர் 12

அன்புள்ள ஜான்சிக்கு,

நாங்கள் நலம். மழை விடாமல் பெய்கிறது. துணி காயவில்லை, வீடெல்லாம் ஈர வாசனை. அங்கே குளிராமே, ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறாயா?

ஒரு மாசமாக எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. அனுவுக்குக் காய்ச்சல், பிறகு எனக்கு.

நீ சொன்னபடி பங்கு ஃபாதரைப் பார்க்கக் கிளம்பினேன். முதல் முறை கல்லறைத் திருநாள் கூட்டம், பார்க்க முடியவில்லை. அடுத்த முறை அவர் அறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே யாரோ கல்யாண ஓலை எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து மாமா போன் செய்தார். உங்கள் சென்டரிலிருந்து மெசேஜ் வந்ததாம், இந்த வாரம் நீ ஏழாம் ரேங்க் என்று. நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஏன் என்று கேட்காதே. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறதை நடுவில் போய்க் கலைப்பானேன் என்று இருந்தது. அவர் இங்கே நடக்க நடக்க நீ அங்கே ஒவ்வொரு வரிசையாக முன்னே போவதுபோல எனக்குத் தோன்றிவிட்டது. படித்தவள் இப்படி நினைக்கலாமா என்றால், பிள்ளையைப் பெற்றவள் எதையும் நினைப்பாள்டீ. உன்னை நான் பெறவில்லை, அவ்வளவுதான்.

கச்சேரி ரோட்டில் முழங்கால் வரை தண்ணீர் நின்றது. அதில் நடந்துபோனபோது டாடிக்கு வலது உள்ளங்காலில் ஒரு சின்னக் கீறல். மஞ்சள் வைத்துக் கட்டினேன். ஆறிக்கொண்டு வருகிறது. கிறிஸ்துமஸ் முடியட்டும், ஃபாதரிடம் கட்டாயம் பேசுகிறேன்.

உன் அக்கா
ஜொவிட்டா


மரியே வாழ்க

மயிலாப்பூர்
நவம்பர் 26

என் செல்ல மகள் ஜான்சிக்கு டாடி எழுதுவது.

தேவகிருபையால் நான் சுகம். உன் சுகத்துக்குத் தினமும் ஐந்தரை மணிப் பூசையில் மன்றாடுகிறேன். மூன்று நாளாகப் பூசைக்குப் போகவில்லை, உன் அக்கா விடமாட்டேன் என்கிறாள். ஒரு நாற்காலியில் நானும் இன்னொரு நாற்காலியில் என் காலும் உட்கார்ந்திருக்கிறோம். ஜமீன்தார்போல இருக்கிறதாம், மாப்பிள்ளை கேலி செய்கிறார். அனு வந்து காலுக்குப் பொட்டு வைத்துவிட்டுப் போகிறாள்.

காலைப் பற்றி அவள் ஏதாவது எழுதியிருந்தால் பயப்படாதே. வலி என்பதே இல்லை. புண்ணை அழுத்தினால்கூட ஒன்றும் தெரியவில்லை. வேறு யாருடைய காலோ என்பதுபோல இருக்கிறது. மாதா என் நேர்ச்சையை ஏற்றுக்கொண்டதற்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்.

இயற்பியலில் திசையன் கணக்கு வந்தால் முதலில் படம் போடு. படம் போடாமல் கணக்கு போடுகிறவன் கண்ணை மூடிக்கொண்டு ரோடு தாண்டுகிறவன்.

ஆசீர்வாதத்துடன்
டாடி


ராசிபுரம்
டிசம்பர் 1

அக்கா,

நலம் கேட்க நேரமில்லை. டாடியின் கடிதம் இப்போதுதான் வந்தது. இதைப் படித்தவுடன் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போ.

வலி இல்லை என்று எழுதியிருக்கிறார். அழுத்தினால் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார். அது நல்லதில்லை, அக்கா. சுகர்காரர்களுக்கு நரம்பு செத்துப்போனால்தான் வலி தெரியாது. புண் உள்ளே எவ்வளவு ஆழம் போனாலும் தெரியாது. நீங்கள் என்னை இங்கே படிக்க அனுப்பியதே இதைத்தானே.

விரல் என்ன நிறத்தில் இருக்கிறது? வாசனை வருகிறதா? கால் ஜில்லென்று இருக்கிறதா? ஆபீஸில் போய் அழுது பார்த்தேன். "அடுத்த போன் எட்டாம் தேதிதான்" என்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் லீவு உண்டு. நான் வருகிறேன். மாமாவை வந்து கூட்டிப்போகச் சொல்.

ஜான்சி


சேலம்
டிசம்பர் 27

அன்பு மகள் ஜொவிட்டாவுக்கு,

பாலன் இயேசுவின் சமாதானம் உங்கள் வீட்டில் தங்குவதாக. இங்கே கான்வென்டில் எல்லோரும் நலம். அண்ணனுக்குத் தையல் பிரித்தார்களா? காய்ச்சல் விட்டதா? நீ சாப்பிடுகிறாயா? போனில் பேசினால் நீ அழுவாய், கேட்டுக்கொண்டு நானும் அழுவேன். அதனால்தான் உன் அத்தை பேனாவை எடுத்தேன்.

நீ கேட்டுக்கொண்டபடி கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஜான்சியைப் போய்ப் பார்த்தேன். கேக்கும் கல்கலாவும் கொடுத்தேன். அவளை ஏன் வீட்டுக்கு அழைக்கவில்லை என்பதற்கு, "அனுவுக்கு அம்மை, ஒட்டிக்கொள்ளும்" என்று நீ சொல்லச் சொன்னதையே சொன்னேன். பதினோராம் தேதி அவள் அப்பாவுக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள் என்பதை வாயைக் கட்டிக்கொண்டு மறைத்துவிட்டேன்.

அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அத்தை, டாடி நடக்கிறாரா?" நான் "நடக்கிறார்" என்றேன். இந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு, கழுத்தில் சிலுவையோடு, ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்து. அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. கேக்கை வாங்கி, நன்றி அத்தை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கேட்டிருந்தால்கூட எனக்குத் தேவலை.

பரீட்சை முடியும்வரை சொல்லக்கூடாது என்பது உங்கள் எல்லோருடைய முடிவு. சரியா தப்பா என்று நான் சொல்லவில்லை. ஆனால் அண்ணன் நேற்று போனில் என்ன சொன்னார் தெரியுமா? "வெரோனிகா, நேர்ச்சை இன்னும் முடியலை. இன்னொரு கால் இருக்கே." இடது காலில் ஆஸ்பத்திரி செருப்பைக்கூட மாட்டவிடவில்லையாம். நீ இனியும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு எழுந்து வராதே. பங்குத்தந்தையை வீட்டுக்கே அழைத்து வா.

ஜெபத்தில் நினைக்கும்
வெரோனிகா அத்தை


ராசிபுரம்
பிப்ரவரி 9

அன்புள்ள அக்கா,

நான் நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். அனுவுக்கு அம்மைத் தழும்பு மறைந்திருக்கும்.

படிப்பு நன்றாகப் போகிறது. ஐந்துக்குக் கீழே ரேங்க் இறங்கவில்லை. ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்தால் காகிதம் பறக்கிறது, கையால் பிடித்துக்கொண்டே எழுத வேண்டியிருக்கிறது.

மாடி வீட்டு சுப்புலக்ஷ்மி மாமிக்குச் சுகர் என்று எழுதியிருந்தாய் அல்லவா. அவருக்குச் சில விஷயம் சொல். இருக்கிற காலை ராத்திரி படுக்கும்முன் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அடியில் பார்க்க ஒரு கண்ணாடி வைத்துக்கொள்ளலாம். விரல் இடுக்கில் ஈரம் நிற்கக்கூடாது. நகத்தை ஓரம் வெட்டக்கூடாது. வீட்டுக்குள்கூட வெறுங்கால் கூடாது, மாமிக்கே தெரியும். பாத்ரூமில் பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பி அடிக்க மாமாவிடம் சொல். வாசல்படி இரண்டும் உயரம் ஜாஸ்தி, ஒரு சாய்வுப் பலகை போட்டால் மாமிக்குச் சௌகரியம்.

வேறு விசேஷம் இல்லை. கயல் ஊருக்குப் போய்விட்டாள், திரும்பி வரவில்லை.

ஜான்சி


மயிலாப்பூர்
மார்ச் 16

அன்புள்ள ஜான்சிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாசத்துக்கு மேல் ஆகிறது. நாங்கள் நலம் என்று எழுத ஆரம்பித்து எத்தனை தாளைக் கிழித்தேன் என்று தெரியாது. நீ நலமா, ஜான்சி?

சுப்புலக்ஷ்மி மாமிக்கு நீ சொன்னதையெல்லாம் சொல்லிவிட்டேன். கம்பி அடித்தாயிற்று. பலகையும் போட்டாயிற்று. அனு அதில் சறுக்கி விளையாடுகிறாள், மாமி கைதட்டுகிறார். கண்ணாடியும் வாங்கினேன். ராத்திரி நான்தான் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன்.

எல்லாம் கேட்கிறார் மாமி. செருப்பு ஒன்றைத் தவிர. அவரைப் பார்க்கப் பங்கு ஃபாதரே வீட்டுக்கு வந்தார். சிரிக்காதே. ஃபாதர் அவர் தலையில் கைவைத்து, "உங்க நேர்ச்சையை நான் நீக்கிட்டேன், இனிமே போட்டுக்குங்க" என்றார். மாமி அவரைப் பார்த்து, "சாமி, நான் உங்ககிட்ட நேர்ந்துக்கலையே. மாதாவும் நானும் பேசிக்கிட்டது. நடுவுல நீங்க எதுக்கு?" என்றார். ஃபாதர் காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அக்டோபரில் அவர் வந்திருந்தால் என்று மாமா ஒருநாள் ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

போன மாசம் பெருவிரலில் ஒரு கொப்புளம். ஆறிவிட்டது. நிஜமாகவே ஆறிவிட்டது. சீட் கிடைத்தால்தான் போட்டுக்கொள்வேன் என்கிறார். நான் இதை உனக்கு எழுதக்கூடாது. வேறு யாருக்கு எழுதுவேன். நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் படி.

உன் அக்கா
ஜொவிட்டா


பாளையங்கோட்டை
ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்கா,

நான் நலம். இந்தக் கடிதம் மாமாவின் தி. நகர் ஆபீஸ் முகவரிக்கு வருகிறது. பயந்துவிடாதே. இப்போது கையில் போன் இருந்தும் ஏன் எழுதுகிறேன் என்றால், நான் கூப்பிட்டால் டாடி ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிடுகிறார். உன்னோடு தனியாக ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

ஹாஸ்டல் பரவாயில்லை. விலங்கியல் வகுப்பில் மொத்தம் முப்பத்திரண்டு பேர். கடைசி நேரத்தில் மாமா அலைந்து வாங்கிய இடம், அவருக்கு நன்றி சொல். பாடம் எனக்குப் பிடித்திருக்கிறது. அதை நினைத்தால் குற்றமாக இருக்கிறது. இந்த ஊரிலேயே மெடிக்கல் காலேஜும் இருப்பதால் தபால் முத்திரை நம்மைக் காட்டிக்கொடுக்காது. நான் மாமா போனுக்கு அனுப்பிய போட்டோவில் இருப்பது எங்கள் லேப் கோட். கோட் மட்டும் நிஜம்.

இது பாவமில்லையா என்று அன்றைக்குப் பஸ் ஏறும்போது கேட்டாய். மே மாசம் வீட்டுக்கு வந்து வாசலில் நின்றபோது, டாடி நாற்காலியில் இருந்து எழப் பார்த்துத் தடுமாறினார். எனக்குத் தெரியும் என்று உனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. வேட்டியை இழுத்து மூடிக்கொண்டு, "பரீட்சை எப்படிம்மா" என்றார். இரண்டு கேள்வி, அக்கா. இரண்டு கேள்வியில் போயிற்று. அலாட்மென்ட் லிஸ்ட் வந்த அன்று போனையே பார்த்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "இன்னும் பேர் வரலையா?" நான் அந்தக் காலைப் பார்த்தேன். பெருவிரல் கறுத்திருந்தது. "வந்துடுச்சு டாடி" என்றேன். நீ சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

மாமா வாங்கிவந்த செருப்பை அவர் காலில் மாட்டும்போது டாடி குழந்தைபோல விரலை மடக்கிக்கொண்டார். வலது கால் செருப்பைப் பெட்டியோடு நீ பரணில் வைத்ததைப் பார்த்தேன்.

உன்மேல் கோபமா என்று கேட்டாய். தெரியவில்லை, அக்கா. ஒரு வருஷம் எனக்கு நல்லது என்று நீ எனக்குச் சொன்னதைப்போலத்தான் இப்போது நான் அவருக்குச் சொல்கிறேன். உறவில் யாராவது கேட்டால் மாமா சமாளிக்கட்டும். அத்தையிடம் நானே சொல்லிவிட்டேன். கால் புண் ஆறுகிறதா என்று மட்டும் கேட்டார்.

புண் ஆறுகிறதா?

ஜான்சி


மரியே வாழ்க

மயிலாப்பூர்
செப்டம்பர் 21

என் அருமை மகள் ஜான்சிக்கு டாடி எழுதுவது.

தேவகிருபையால் இங்கே யாவரும் சுகம். நீயும் உன் உடன் படிக்கும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். தாமிரபரணித் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா?

கால் விரல் முழுக்க ஆறிவிட்டது. டாக்டரே ஆச்சரியப்பட்டார். செருப்பைக் குளிக்கும்போது தவிரக் கழற்றுவதில்லை, உன் அக்காவைக் கேட்டுப் பார். மாப்பிள்ளை என்னை ஆட்டோவில் பெசன்ட் நகர் கூட்டிப்போய் நன்றிப் பூசை வைத்தார். தேசம்மா வாசலில் நின்று, "வாத்தியாரே, மீட்டுட்டியா? எனிக்கு அப்பவே தெரியும்" என்று சொல்லி அழுதுவிட்டாள். உன் கோட் போட்ட படத்தைப் பெரிதாக்கி அம்மா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். ஜொவிட்டா அதை ஏறிட்டுப் பார்ப்பதே இல்லை. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிடும்போல.

மெடிக்கலில் முதல் வருஷம்தான் கஷ்டம் என்கிறார்கள். உடற்கூறியலில் நல்ல நல்ல பிள்ளைகளே தவறிப்போகிறார்களாம். நீ பயப்படாதே. நீ அந்த முதல் வருஷப் பரீட்சை தேறும்வரை காலை ஆகாரம் எடுப்பதில்லை என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டிருக்கிறேன். இரண்டு வாரம் ஆகிறது. சுகர் மாத்திரை மட்டும் எப்போதும்போலப் போட்டுக்கொள்கிறேன். பத்து மணிக்கு மேல் கொஞ்சம் வியர்க்கிறது, கை நடுங்குகிறது, மற்றபடி ஒன்றும் இல்லை. இட்லியை ஜன்னல் வழியாகக் காக்காய்க்குப் போட்டுவிடுகிறேன். அக்காவிடம் சொல்லிவிடாதே, அவள் பயந்த சுபாவம்.

பரீட்சை என்றைக்கு என்று தெரிந்ததும் எனக்கு எழுது.

ஆசீர்வாதத்துடன்
டாடி